பழைய பாணி டைவர் கைக்கடிகாரத்தின் கேஸை அரத்தால் உருமாற்றிப் பழமை ஏற்றுவது எப்படி?

எட்டரைமணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ரோலெக்ஸ் நிறுவனத்தின் சப்மரீனர் வரிசையில் 1959-இல் வந்த 5512, அதைத் தொடர்ந்து 1962-இல் வந்த 5513 ஆகியவற்றின் கேஸ், அதாவது இயந்திரத்தைத் தாங்கும் உலோகக் கூட்டின் வடிவத்தின் மீது எனக்கு நெடுநாளாக ஆசை உண்டு. அசலை வாங்கும் வசதி இந்தப் பிறவியில் வாய்க்கப் போவதில்லை என்பதால், பெயரும் சின்னமும் இல்லாத வெற்று டயல் ஒன்றையும், 40 மி.மீ. விட்டமும் லக்குகளுக்கு (வாரைப் பிடிக்கும் கொம்புகள்) நடுவே 20 மி.மீ. இடைவெளியும் கொண்ட 316எல் ஸ்டீல் கேஸ் ஒன்றையும் வாங்கி வைத்திருக்கிறேன். உள்ளே சீக்கோவின் என்.எச்.35 இயந்திரம் உட்காரும்.

அளவுகள் சரியாக இருந்தாலும் கேஸின் தோற்றம் சரியாக இல்லை. லக்குகள் நான்கும் தடித்து, முனைவரை ஒரே கனத்தில் மொத்தையாக இருக்கின்றன. பழைய கேஸ்களில் லக்கின் வெளி விளிம்பை ஒட்டிச் சாய்வாக ஓடி, வெளிச்சம் படும்போது ஒரு கோடாக மின்னும் அந்தச் சேம்பர் இதில் இல்லவே இல்லை. நேரம் திருத்தத் திருகும் சாவியின் இருபுறமும் அதைக் காக்கும் காப்பு முனைகள் உருண்டையாக உள்ளன. எனக்கு வேண்டியது 1960களின் தொடக்கத்தில் இருந்த கூர்முனை. எல்லாவற்றுக்கும் மேலாக, முழு கேஸும் சீர்வரிசைத் தட்டில் வைத்த புதுப் பாத்திரம் போலப் பளபளக்கிறது.

பழகுவதற்காக ஒரு மலிவான கேஸை எடுத்து, கையில் பிடிக்கும் சுழல் கருவியில் சாணைக்கல் பொருத்திச் சேம்பர் வெட்டிப் பார்த்தேன். கோடு நேராக வராமல் பாம்பு ஊர்ந்த தடம் போல வளைந்து போயிற்று. மூன்று விஷயங்களில் உங்கள் அனுபவம் தேவைப்படுகிறது. கேஸை எதில், எப்படிப் பிடித்துக்கொண்டு வேலை செய்வது? காப்பு முனை, லக், சேம்பர் ஆகியவற்றில் எதை முதலில் தொடுவது? பழமைத் தோற்றத்துக்கு ஃபெரிக் குளோரைடு திரவத்தில் முக்கி எடுக்கலாம் என்று ஒருவர் கூறினார். அது சரியான வழிதானா?

அரக்குக்கோல் எழுதியது:

வணக்கம். நான் நகைப் பட்டறையில் வளர்ந்தவன். கடிகாரம் எனக்குப் பொழுதுபோக்கு மட்டுமே. உங்கள் முதல் கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

கேஸை நேரடியாக வைஸில் கடிக்க வைக்காதீர்கள். தாடைகளுக்கு நடுவே தோல் வைத்தாலும் பக்கச்சுவர் அழுந்தித் தடம் விழும், அழுத்தம் கூடினால் பின்மூடி உட்காரும் வட்டம் கோணிவிடும். நகை வேலையில் சிறு பொருளை அரக்கில் பதித்துக்கொண்டுதான் செதுக்குவோம். அதே முறை இங்கும் அழகாகப் பொருந்துகிறது. உள்ளங்கையில் அடங்கும் கனமான மரக்கோல் ஒன்றின் தலையில் அரக்கை இளக்கி வைத்து, கேஸையும் லேசாகச் சூடாக்கி, பின்பக்கம் அரக்கில் இறங்கும்படி அமர்த்திக் குளிர விடுங்கள். அதற்கு முன் இயந்திரம், கண்ணாடி, அதைச் சுற்றியுள்ள பெசல் வளையம், ரப்பர் வளையங்கள் அனைத்தையும் கழற்றியிருக்க வேண்டும். பின்மூடியின் மரைகளுக்குள் அரக்கு ஏறாதிருக்க, உதவாத பழைய பின்மூடி ஒன்றைத் திருகி அதன் மேல் பதிப்பது நல்லது. சாவிக்குழாயைக் கழற்ற முடியாவிட்டால் அதன் வாயை மெழுகால் அடைத்துவிடுங்கள். வேலை முடிந்த பின் மறுபடி சூடு காட்டினால் கேஸ் கழன்று வரும். ஒட்டியிருக்கும் மிச்சத்தை ஸ்பிரிட் கரைத்துவிடும். கோலின் அடிப்பகுதியை வைஸில் பிடித்துக்கொண்டால் இரு கைகளும் அரத்துக்குக் கிடைக்கும்.

சுழல் கருவியைப் பெட்டியில் போட்டு மூடிவிடுங்கள். அது கெட்ட கருவி என்பதற்காகச் சொல்லவில்லை. சிறிய வட்டக் கல் தொட்ட இடத்தில் குழியைத்தான் தோண்டும். குழிக்குப் பக்கத்தில் குழியாகப் போனால் கிடைப்பது அலை. நீளமான தட்டை அரமோ மேட்டை மட்டும் தொடும், பள்ளத்தைத் தொடாது; ஆகவே அது தானாகவே நேர்கோட்டைத் தேடிப் போகிறது.

சேம்பருக்கு முதலில் கோடு இழுக்க வேண்டும். லக்கின் மேல்முகத்திலும் பக்கச்சுவரிலும் நிரந்தர மை பூசி உலரவிட்டு, வெர்னியர் அளவுகோலின் ஒரு தாடையை விளிம்பில் சாய்த்து ஓட்டி, மேல்முகத்தில் 0.5 மி.மீ., பக்கச்சுவரில் 0.5 மி.மீ. என இரண்டு கோடுகள் கீறுங்கள். அந்த இரு கோடுகளையும் தொடும் வரை அராவினால் ஏறத்தாழ 0.7 மி.மீ. அகலமுள்ள சாய்வு கிடைக்கும். கேட்பதற்குச் சிறிய எண்தான், ஆனால் கடிகாரத்தில் அது நன்றாகவே தெரியும். முதல் முறை செய்யும்போது 0.3 மி.மீ. கோட்டில் நிறுத்தி, ஒரு நாள் மேசையில் வைத்துப் பார்த்துவிட்டு மேலே போவது உத்தமம். எடுத்த உலோகத்தை மறுபடி வைக்க, தங்கத்தில் எங்களுக்கு இருக்கும் வசதி ஸ்டீலில் உங்களுக்கு இல்லை.

டூல்ரூம்_ஓய்வு எழுதியது:

மேலே எழுதிய நண்பர் பிடிப்பைப் பற்றிச் சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். உலோகத்தின் குணத்தைப் பற்றி நான் சிறிது சேர்க்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அச்சு செய்யும் பட்டறையில் நின்றவன் என்ற முறையில், 316எல் எவ்வளவு பிடிவாதமான உலோகம் என்பது எனக்குத் தெரியும்.

இந்த வகை ஸ்டீலைச் சூடாக்கித் தண்ணீரில் தோய்த்துக் கடினமாக்க முடியாது. ஆனால் வெட்டாமல் உரசினால் மேற்பரப்பு கடினமாகிவிடும். மழுங்கிய அரத்தை வைத்துக்கொண்டு, அழுத்தமும் இல்லாமல், முன்னும் பின்னுமாகத் தேய்த்துக்கொண்டிருந்தால் உலோகம் வெட்டுப்படாமல் இறுகும். அதன் பிறகு நல்ல அரமும் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும். ஆகவே கூர்மையான அரத்தை எடுத்து, முன்னோக்கிப் போகும்போது திடமாக அழுத்தி வெட்டி, திரும்பி வரும்போது தூக்கிவிடுங்கள். வேகம் வேண்டாம், ஒவ்வொரு தள்ளலிலும் தூள் விழுகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

சுவிட்சர்லாந்து முறையில் அரங்களின் பல் நெருக்கத்துக்கு 00 முதல் 6 வரை எண் உண்டு. எண் கூடக் கூடப் பல் நெருங்கும். காப்பு முனைக்கும் லக்கை மெலிக்கவும் 2-ஆம் எண், கோட்டை நெருங்கியதும் 4-ஆம் எண் என்று இரண்டு அரங்கள் இருந்தால் போதும். பல்லிடையே தூள் சிக்கிக்கொண்டால் அதுவே உளியாக மாறி, பிறகு எந்த உப்புத்தாளாலும் எடுக்க முடியாத ஆழத்தில் ஒரு கீறலைப் போட்டுவிடும். அரத்தின் மேல் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டு, பத்துத் தள்ளலுக்கு ஒரு முறை கம்பித் தூரிகையால் பல்லைச் சுத்தம் செய்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

பலர் கவனிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண இரும்பை அராவிய அரத்தை இதற்குத் தொடாதீர்கள். பல்லில் ஒட்டியிருக்கும் இரும்புத் துணுக்குகள் எவர்சில்வரின் மேல் அழுந்தி உட்கார்ந்து, இரண்டு வாரம் வியர்வை பட்டதும் துருப்புள்ளிகளாக வெளியே வரும். அப்போது ஸ்டீல் மட்டம் என்று விற்றவரைத் திட்டுவீர்கள். தவறு அரத்தில் இருக்கும். வேலை முடிந்ததும் மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, கேஸை அதில் அரை மணி நேரம் ஊற வைத்து, நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். அது ஒட்டிய இரும்பைக் கரைத்து எடுத்துவிடும், ஸ்டீலைத் தொடாது.

வரிசையைப் பொறுத்தவரை, அதிகம் வெட்ட வேண்டியதை முதலிலும் குறைவாக வெட்ட வேண்டியதைக் கடைசியிலும் செய்வதுதான் எல்லாப் பட்டறைகளிலும் வழக்கம். முதலில் காப்பு முனை, அடுத்து லக்கின் பக்கச்சுவரை முனை நோக்கி மெலிப்பது, கடைசியில் சேம்பர். சேம்பரை முதலில் வெட்டிவிட்டுப் பிறகு பக்கச்சுவரை மெலித்தால், வெட்டிய சேம்பர் பாதி காணாமல் போகும்.

காப்பு முனையை அராவும்போது சாவியைக் கழற்றிவிடுவீர்கள் என்பதால், அது எவ்வளவு இடம் எடுக்கும் என்பது மறந்துவிடும். கழற்றும் முன்பே சாவியை இறுக்கித் திருகி, அதன் விளிம்பை ஒட்டி மேல்முகத்தில் ஒரு கோடு கீறி வைத்துக்கொள்ளுங்கள். சாவியைப் பார்த்த உட்பக்கத்தை விட்டுவிட்டு, வெளிச்சரிவை மட்டும் அரைவட்ட அரத்தால் எடுத்தால் கூர்முனை தானாக உருவாகும். இரண்டு முனைகளையும் மாறி மாறி அராவுங்கள். ஒன்றை முடித்துவிட்டு மற்றதை அதற்குச் சமமாக்கப் போனால், குரங்கு அப்பம் பங்கிட்ட கதையாக இரண்டும் தேய்ந்துகொண்டே போகும்.

பித்தளைநிழல் எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு, அடிபட்டவன் என்ற தகுதியில் பதில் எழுதுகிறேன்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது ஒரு எச்.எம்.டி. ஜனதாவில். சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1961-இல் பெங்களூரில் தொடங்கிய ஆலையின் பிள்ளை அது. என் தாத்தா கட்டியிருந்தது. லக்கில் இருந்த ஒரு வடுவை எடுக்கலாம் என்று அராவினேன், நான்காவது தள்ளலில் மஞ்சள் தெரிந்தது. பின்மூடி மட்டுமே ஸ்டீல், கேஸ் பித்தளையின் மேல் குரோம் முலாம் பூசியது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதை மூட வழியில்லாமல், பழமை ஏற்றுகிறேன் பேர்வழி என்று நான்கு லக்குகளிலும் மஞ்சளை வரவழைத்து, தாத்தாவின் கடிகாரத்தை ஒரு நாடகச் சாமானாக ஆக்கினேன். ஆகவே அரத்தை எடுப்பவர்கள் அனைவரும் முதலில், லக்கின் அடிப்பக்கத்தில் யாரும் பார்க்காத இடத்தில் ஒரே ஒரு கீறல் போட்டு உள்ளே இருப்பது என்ன உலோகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். குரோம் முலாத்தின் கீழே பெரும்பாலும் நிக்கல் அடுக்கு ஒன்று இருக்கும். அது திறந்துகொண்டால் சிலருக்குத் தோலில் அரிப்பு வரும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இனி ஃபெரிக் குளோரைடு. மின்சுற்றுப் பலகையில் செம்பை அரிப்பதற்கு சென்னை ரிச்சி தெருக் கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கும் அதே சரக்குதான். அது எவர்சில்வரை ஒரே சீராக அரிக்காது. மேலே இருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம் எங்கு வலுவிழந்திருக்கிறதோ அங்கே துளைத்து உள்ளே இறங்கும். ஸ்டீல் குழிக்கு ஆளாகுமா என்று ஆய்வகத்தில் சோதிப்பதற்கே இந்தத் திரவத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். நான் பழைய கேஸ் ஒன்றை முக்கி எடுத்தபோது, மேல்முகம் முழுவதும் அம்மைத் தழும்பு போன்ற புள்ளிகள் வந்தன.

அபாயத்தை விடுங்கள், அந்தத் தோற்றமே பொய் என்பதுதான் என் முக்கியமான ஆட்சேபம். உண்மையில் பழசான ஸ்டீல் கடிகாரத்தில் அரிப்புக் குழிகள் எங்கே இருக்கும் என்று பாருங்கள். பின்மூடியின் ரப்பர் வளையம் உட்காரும் இடத்திலும், மூடிக்கும் கேஸுக்கும் இடையிலான இடுக்கிலும், பெசலுக்கு அடியிலும் இருக்கும். உப்பு வியர்வை தேங்கி, காற்று புகாத இடத்தில்தான் ஆக்சைடு படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாமல் ஸ்டீல் அரிபடும். நாள்தோறும் சட்டைக் கையில் உரசிக்கொண்டு, காற்றும் வெளிச்சமும் படும் லக்கின் மேல்முகத்தில் குழி விழ வேண்டிய காரணமே இல்லை. அமிலத்தில் முக்கிய கேஸை விவரம் தெரிந்தவர் ஒரு பார்வையில் கண்டுகொள்வதற்கு இதுதான் காரணம். அதோடு, குழி விழுந்த வளைய இருக்கை பிறகு தண்ணீரைத் தடுக்காது.

பித்தளையும் வெண்கலமும் நிறம் மாறிப் பழசாகும். ஸ்டீல் நிறம் மாறாது. கீறலாலும் தேய்மானத்தாலும் மட்டுமே பழசாகும். அப்படியிருக்க, பாட்டிலில் விடை தேடுவது வீண்.

நடுநிலைநாக்கு எழுதியது:

தொழில்நுட்பம் சிறப்பாக இருக்கிறது. எனக்கு வேறொரு சங்கடம். இவ்வளவு நுணுக்கமாக 5512-இன் கூர்முனையையும் சேம்பரையும் உருவாக்கி, ஐம்பது ஆண்டுத் தேய்மானத்தையும் ஏற்றிய கேஸ் நாளை உங்கள் கையை விட்டுப் போனால் என்ன ஆகும்? வாங்குபவர் அதில் பெயர் அச்சிட்ட டயலைப் பொருத்தி அசல் என்று விற்றுவிட்டால், ஏமாறுபவர் உங்களைப் போலவே ஆண்டுக்கணக்கில் ஆசைப்பட்ட ஒருவராகத்தான் இருப்பார். இதைச் செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் இதைப் பற்றி யோசித்தீர்களா என்று கேட்காமல் போக எனக்கு மனம் வரவில்லை.

எட்டரைமணி எழுதியது:

நியாயமான கேள்வி, ஐயா, கோபம் ஏதுமில்லை. டயல் வெற்று டயல் என்பதை முதலிலேயே எழுதியிருந்தேன். இருந்தாலும் உங்கள் கேள்வியைப் படித்த பிறகு, பின்மூடியின் உட்பக்கத்தில் மட்டுமல்லாமல், 12 மணிப் பக்கத்தில் லக்குகளுக்கு நடுவேயும் ஆண்டையும், கையால் மாற்றியமைத்தது என்பதையும் பொறித்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். அசலில் அந்த இடத்தில்தான் மாடல் எண் இருக்கும் என்பதால், ஆராய்ந்து வாங்குபவர் முதலில் பார்ப்பதும் அங்கேதான். பின்மூடியை மாற்றிவிடலாம், கேஸின் உடம்பில் இருப்பதை எளிதில் மாற்ற முடியாது.

அரக்குக்கோல், டூல்ரூம் ஐயா, பித்தளைநிழல் மூவருக்கும் நன்றி. அமில யோசனையைக் கைவிட்டேன். ஆனால் கீறலாலும் தேய்மானத்தாலும் பழசாக்குவது என்றால், சாவிக்கொத்தோடு ஒரு பையில் போட்டுக் குலுக்கினால் போதுமா?

பழுதுமேசை எழுதியது:

போதாது. நான் கடிகாரம் பழுது பார்ப்பவன், நாளொன்றுக்குப் பல பழைய கேஸ்கள் என் மேசைக்கு வருகின்றன. பையில் போட்டுக் குலுக்கிய கேஸில் எல்லா இடத்திலும் ஒரே அளவு அடி இருக்கும். மனிதர் கட்டிய கடிகாரத்தில் அப்படி இருக்கவே இருக்காது.

இடக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நில்லுங்கள். கட்டைவிரல் முன்னால் இருக்கிறது அல்லவா? கடிகாரத்தில் 6 மணிப் பக்கம் அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். நடந்து போகும்போது கதவு நிலையிலும் மேசை விளிம்பிலும் முதலில் மோதுவது அந்தப் பக்கத்து லக்குகளும் அதையொட்டிய பெசல் விளிம்பும்தான். 12 மணிப் பக்கம் பின்னால் இருப்பதால் அடி குறைவு. 9 மணிப் பக்கத்துச் சுவரைச் சட்டைக் கை ஓயாமல் தடவுவதால், அங்கே குத்து வடுக்களை விட மென்மையாக மங்கிய மெருகுதான் தெரியும். சாவியின் காப்பு முனைகள் புறங்கையில் படுவதால், அவற்றின் நுனிக் கூர்மை மட்டும் மழுங்கும். லக்குகளின் உட்சுவரில், சங்கிலியின் கடைசித் துண்டு அசைந்து அசைந்து ஒரு மெல்லிய பள்ளம் போட்டிருக்கும். லக்கில் வார் பூட்டும் துளை வெளிவரை போகிறதென்றால், அந்தத் துளையைச் சுற்றி ஊசி வழுக்கிய சிறு கோடுகள் இருக்கும். அவை கட்டியவர் போட்டதல்ல, எங்களைப் போன்றவர்கள் போட்டது. பின்மூடியைத் திறக்கும் கருவி மாட்டும் பள்ளங்களிலும் அப்படித்தான்.

இதற்கு மேல் இன்னொன்றும் இருக்கிறது, அதைத்தான் பலர் தவற விடுகிறார்கள். பழைய கேஸ் இரண்டு விதத்தில் தேய்கிறது. ஒன்று, கட்டியவர் கை தேய்த்தது. மற்றொன்று, பழுது பார்க்க வரும்போதெல்லாம் பஃப் எனும் மெத்தென்ற மெருகுச் சக்கரத்தில் கொடுத்து மெருகேற்றித் தேய்த்தது. முதல் வகையில் கீறல்கள் இருக்கும், ஆனால் சேம்பரின் கோடு கூர்மையாகவே இருக்கும். இரண்டாம் வகையில் கீறல் இருக்காது. பதிலாகச் சேம்பர் கரைந்து, லக்குகள் மெலிந்து, துளை விளிம்பை நெருங்கி, கேஸ் முழுவதும் நாவில் வைத்துக் கரைத்த கற்கண்டு போல இருக்கும். புதுக் கீறலும் கரைந்த விளிம்பும் ஒரே கேஸில் இருக்கலாம், ஆனால் கரைந்தது முந்தியும் கீறல் பிந்தியும் வர வேண்டும். உங்கள் கடிகாரம் எப்படி வாழ்ந்தது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒரே ஆள் கட்டி, ஒரு முறையும் மெருகுக்குப் போகாததா? மூன்று கை மாறி, மூன்று முறை பஃப் ஆனதா? அந்த முடிவில்லாமல் கீறத் தொடங்கினால், ஒவ்வொரு வடுவும் மற்றொன்றோடு சண்டை போடும்.

என் யோசனை, நீங்கள் இவ்வளவு பாடுபட்டுச் சேம்பர் வெட்டப்போவதால், பஃப் ஆகாத வாழ்க்கையைத் தேர்ந்தெடுப்பதே. அதற்கு முதலில் கேஸை ஆலையிலிருந்து வந்த புதிது போல முழுமையாக முடிக்க வேண்டும். பக்கச்சுவருக்கும் சேம்பருக்கும் 400, 600, 1000, 2000 என்று உப்புத்தாள்களைக் கண்ணாடிப் பலகையின் மேலோ தட்டை மரத்துண்டில் ஒட்டியோ தேய்த்து, கடைசியில் மெருகுப் பசையைத் தட்டைத் தோல் ஒட்டிய குச்சியால் கையாலேயே கொடுங்கள். மெத்தென்ற பஃப் சக்கரம் விளிம்பைச் சுற்றிக்கொண்டு தேய்ப்பதால், நீங்கள் ஒரு வாரம் அராவிய கோட்டை அரை நிமிடத்தில் கரைத்துவிடும். அதன் பிறகு சேம்பரையும் பக்கத்தையும் ஒட்டுநாடாவால் மூடிவிட்டு, லக்கின் மேல்முகத்தில் நீளவாக்கில், ஒரே திசையில், நிற்காமல் தாளை இழுத்து இழைக்கோடு போடுங்கள். 5512, 5513 மாடல்களில் மேல்முகம் இழைக்கோடு, பக்கமும் சேம்பரும் கண்ணாடி மெருகு. இந்த இரண்டு பரப்புகளும் சந்திக்கும் இடத்தில்தான் உங்கள் ஆசைக்குரிய அந்தக் கோடு பிறக்கிறது.

அதற்குப் பிறகு பழமை ஏற்ற அவசரப்படாதீர்கள். இயந்திரத்தைப் போட்டு, தண்ணீர்ச் சோதனை செய்து, கட்டிக்கொண்டு பேருந்தில் போங்கள், பாத்திரம் தேயுங்கள், வண்டியைக் கழுவுங்கள். இரண்டு மாதத்தில் வரும் கீறல்களைப் படம் எடுத்து, அவை விழுந்த இடங்களில் மட்டும் கையால் சிறிது கூட்டுங்கள். எது எங்கே வர வேண்டும் என்பதை உங்கள் கையே வரைபடமாகப் போட்டுத் தரும்.

எட்டரைமணி எழுதியது (நான்கு வாரங்களுக்குப் பின்):

வேலை பெரும்பகுதி முடிந்தது, ஆகவே கணக்கு ஒப்படைக்க வந்திருக்கிறேன்.

அரக்கில் பதித்துக்கொள்ளும் முறை அற்புதமாக வேலை செய்தது. முதல் முறை கேஸைப் போதிய அளவு சூடாக்காமல் பதித்ததால், அராவும்போது கழன்று தரையில் விழுந்து, 4 மணிப் பக்கத்து லக்கின் முனையில் ஒரு நிஜமான வடு கிடைத்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன். பழுதுமேசை அண்ணன் சொன்ன 6 மணிப் பக்கக் கணக்கிலும் அது ஒத்துப்போகிறது.

காப்பு முனைகளுக்கு இரண்டு மாலைப் பொழுதுகள், லக்குகளை மெலிக்க ஐந்து, சேம்பருக்கு மட்டும் எட்டு மாலைப் பொழுதுகள் ஆயின. சேம்பரை 0.3 மி.மீ. கோட்டில் நிறுத்தி மறுநாள் பார்த்தது மிக நல்ல யோசனை. விளக்குக்கு நேரே பிடித்தபோது 10 மணிப் பக்கத்து லக்கில் சாய்வு நடுவே சற்றுக் குழிந்திருப்பது தெரிந்தது, அரத்தை நீளவாக்கில் ஓட்டாமல் குறுக்கே ஓட்டியிருக்கிறேன். மை பூசி மறுபடி அராவி, இரு நுனிகளிலும் மை போய் நடுவில் மட்டும் எஞ்சியிருந்த வரை தொடர்ந்து, கடைசியில் அதுவும் போனதும் நிறுத்தினேன்.

இப்போது ஒரே ஒரு குறை. அந்தத் திருத்தத்தால் 10 மணிப் பக்கத்து லக், வெர்னியரில் மற்ற மூன்றை விட 0.2 மி.மீ. மெலிந்திருக்கிறது. மற்ற மூன்றையும் இதற்குச் சமமாக இறக்கட்டுமா?

டூல்ரூம்_ஓய்வு எழுதியது:

மூன்றையும் இறக்காதீர்கள். அப்பத்தையும் குரங்கையும் பற்றி முன்பே எழுதினேன். கண் ஒப்பிடுவது நேருக்கு நேர் நிற்கும் ஜோடியைத்தான். வார் நடுவே வரும்போது 10 மணி லக்கும் 2 மணி லக்கும் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. வேண்டுமானால் 2 மணி லக்கில் மட்டும் 0.1 மி.மீ. எடுத்து வித்தியாசத்தைப் பாதியாக்குங்கள். கீழே உள்ள இரண்டையும் தொட வேண்டாம்.

பழுதுமேசை எழுதியது:

நான் அதையும் செய்ய மாட்டேன். ஆலையிலிருந்து வந்து ஐம்பது ஆண்டு ஆன கேஸ்களில் நான்கு லக்குகளும் 0.1 மி.மீ. கூட மாறாமல் ஒத்திருந்ததை நான் பார்த்ததே அபூர்வம். ஆனால் நீங்கள் பஃப் ஆகாத கேஸ் என்று கதை வகுத்திருக்கிறீர்கள் என்பதால், டூல்ரூம் ஐயா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரவில் விளக்கடியில் வெர்னியரோடு முடிவு எடுக்காதீர்கள். வாரைப் பூட்டிக் கையில் கட்டி, ஒரு முழு நாள் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணில் குத்தினால் 0.1 எடுங்கள்.

சாவிக்குழாயின் வாயை அடைத்த மெழுகு முழுவதும் வெளியே வந்துவிட்டதா என்று பார்த்தீர்களா? இயந்திரத்தைப் போடும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். பின்மூடி மரையிலும் வளைய இருக்கையிலும் அரத்தூள் இருந்தால் ரப்பர் வளையம் முதல் திருகிலேயே அறுபடும். சோப்புத் தண்ணீரும் பல் தூரிகையும் போதும், ஆனால் மூன்று முறை செய்யுங்கள்.

எட்டரைமணி எழுதியது:

மெழுகு இருந்தது. குண்டூசியால் தொட்டபோதுதான் தெரிந்தது, உள்ளே அரைச் சுற்றுக்கு மரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெந்நீரில் இளக்கி எடுத்து, தூரிகையால் மூன்று முறை கழுவி, எலுமிச்சை உப்பிலும் ஊற வைத்து எடுத்துவிட்டேன். லக்கை அப்படியே வைத்துக்கொண்டு வாரைப் பூட்டியிருக்கிறேன்; நாளை அலுவலகத்துக்குக் கட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.